சென்னைப் பெருநகரும் பொதுப் பணத்தில் நடக்கும் திட்டமிடல் ஆய்வும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னைப் பெருநகருக்கான மூன்றாம் முழுமைத் திட்டம் 2027 முதல் 2046 வரையிலான இருபது ஆண்டுக் காலத்துக்கானது. எந்த நிலம் குடியிருப்பாகும், எது வயலாகவே இருக்கும், எந்தத் தடத்தில் சாலை வரும் என்பதெல்லாம் இப்படிப்பட்ட திட்டத்தில்தான் முடிவாகிறது. அந்த முடிவுகளைத் தாங்கி நிற்பவை நம் வரிப்பணத்தில் செய்யப்படும் ஆய்வுகள். அவற்றை எப்படிப் படிப்பது, பிழை எங்கே நுழைகிறது, எப்போது கேட்டால் பலன் உண்டு என்று குடியிருப்போர் சங்கத்தினரும் ஊராட்சி உறுப்பினர்களும் மாணவர்களும் கேட்பவற்றுக்கு இங்கே பதில்கள். கணக்குகளைக் காகிதமும் பென்சிலுமாகப் படியுங்கள். ஒவ்வொன்றையும் உங்கள் தெருவின் எண்களை வைத்துத் திரும்பப் போட்டுப் பார்க்கலாம்.

பொதுப் பணத்தில் நடக்கும் ஆய்வு என்றால் எதெல்லாம் சேரும்?

மூன்று வழிகளில் பணம் வருகிறது. முதலாவது, கல்லூரிக்கும் பல்கலைக்கும் கிடைக்கும் மானியம். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையும், 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வந்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையும் இதைத் தருகின்றன. ஐ.ஐ.டி. மெட்ராஸும் அண்ணா பல்கலையும் செய்யும் நீரியல், போக்குவரத்து ஆய்வுகளில் பல இந்த வகை.

இரண்டாவது, அரசே நடத்தும் நிறுவனங்கள். பள்ளிக்கரணையில் தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் இருக்கிறது. கடலோரப் பகுதிகளின் நிலைத்த மேலாண்மைக்கான தேசிய மையம் அண்ணா பல்கலை வளாகத்தில் இருக்கிறது. டெல்லியில் 1976-இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற விவகார நிறுவனமும் இதில் சேரும்.

மூன்றாவதைப் பலரும் கவனிப்பதில்லை. அரசுத் துறையோ மாநகராட்சியோ ஒரு ஆலோசனை நிறுவனத்துக்கு ஒப்பந்தம் கொடுத்துச் செய்விக்கும் ஆய்வு அது. திட்ட அறிக்கை என்ற பெயரில் வந்தாலும் அதுவும் ஆய்வுதான். வெளிநாட்டுக் கடனில் செய்தாலும் பொதுப் பணம்தான், ஏனென்றால் திருப்பிக் கட்டப்போவது நாம். கொசஸ்தலையாற்று வடிநிலத்தின் மழைநீர் வடிகால் பணி ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் நடப்பது. கோவளம் வடிநிலத்துக்கு ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ. வங்கி. இரண்டிலும் கணக்குப் போட்டவர் யார், எந்த மழை அளவை வைத்துப் போட்டார் என்று கேட்க நமக்கு முழு உரிமை உண்டு.

எங்கள் கிராமமும் பெருநகருக்குள் வந்துவிட்டது என்கிறார்கள். ஆய்வு என்ற அளவில் என்ன வித்தியாசம்?

2022 அக்டோபரில் பெருநகரப் பரப்பு 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்தது. அரக்கோணம் வட்டம்வரை உள்ளே வந்துவிட்டது. பழைய பரப்பைப் பற்றி ஐம்பது ஆண்டுத் தரவு குவிந்திருக்கிறது. 1970-களின் முதல் முழுமைத் திட்டத்துக்காக எடுத்தவை, 2008 செப்டம்பரில் வந்த இரண்டாம் திட்டத்துக்காக எடுத்தவை என்று அடுக்கடுக்காக உண்டு. புதிதாகச் சேர்ந்த ஐந்தில் நான்கு பங்குப் பரப்புக்கு அப்படி எதுவும் இல்லை. மழைமானிகள் தூரம் தூரமாக நிற்கின்றன. ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமமட்டக் கோடுகள் கரடுமுரடாக இருக்கின்றன. ஏரிக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால்வாயின் வரைபடம் தாலுகா ஆபீஸ் பீரோவில் இருக்கிறது.

இதனால் ஒரு ஆபத்து. தரவு அடர்த்தியாக உள்ள இடத்துக்குச் செய்த கணினி மாதிரியை, தரவு மெலிந்த இடத்துக்கும் அப்படியே நீட்டிவிடுவார்கள். வரைபடத்தில் இரண்டும் ஒரே நிறத்தில், ஒரே கூர்மையோடு தெரியும். ஆகவே உங்கள் ஊர் புதிதாகச் சேர்ந்த பகுதி என்றால், அறிக்கையில் முதலில் பார்க்கவேண்டியது தரவு எங்கிருந்து வந்தது என்ற பக்கத்தை. முடிவுரை பிறகு.

2011 மக்கள்தொகைக் கணக்கை வைத்து 2046-க்குத் திட்டமா?

வேறு வழியில்லாமல் அப்படித்தான். 2021-இல் நடக்கவேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. அடுத்ததற்கான அடிப்படை நாள் 2027 மார்ச் 1. எனவே ஊர்வாரியாக நம்பத்தக்க கடைசி எண் 2011-க்கு உரியதுதான். அதிலிருந்து 35 ஆண்டு முன்னோக்கி நீட்டுகிறார்கள். எந்தச் சூத்திரத்தில் நீட்டுகிறார்கள் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஒரு மாதிரிக் கணக்கில் பாருங்கள்.

ஒரு சிற்றூர். 2001-இல் 40,000 பேர், 2011-இல் 60,000 பேர் என்று வைத்துக்கொள்வோம். பத்தாண்டுக்கு 20,000 பேர் கூடுகிறார்கள் என்று நேர்க்கோட்டில் போட்டால் 2046-இல் 1.3 லட்சம். பத்தாண்டுக்கு ஒன்றரை மடங்காகிறது என்று பெருக்கிக்கொண்டே போனால் 2.48 லட்சம். ஒரே ஊர், ஒரே தரவு. வித்தியாசம் 1.18 லட்சம் பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற வழக்கமான அளவுகோலில் பார்த்தால், தினம் 1.6 கோடி லிட்டர் தண்ணீருக்கு நாம் குழாய் போடுவதா வேண்டாமா என்ற கேள்வி அது.

நல்ல அறிக்கை இரண்டு மூன்று முறைகளில் கணக்கிட்டு, ஏன் ஒன்றைத் தேர்ந்தது என்று சொல்லும். மின் இணைப்பு எண்ணிக்கை, பள்ளிச் சேர்க்கை, ரேஷன் அட்டை இவற்றோடு ஒத்துப் பார்த்திருக்கும். ஒரே ஒரு எண்ணைக் கொடுத்துவிட்டு நகரும் அறிக்கையை ஏற்கவேண்டாம்.

செயற்கைக்கோள் படத்தில் எங்கள் ஏரி பாதியாகத் தெரிகிறது. ஆக்கிரமிப்பா?

இருக்கலாம். ஆனால் அதைச் சொல்லுமுன் நான்கைச் சரிபாருங்கள்.

ஆகாயத்தாமரை. தண்ணீரைக் கண்டுபிடிக்கும் குறியீடு, பச்சை மூடிய நீர்ப்பரப்பைத் தாவரம் என்றுதான் படிக்கும். கழிவுநீர் கலக்கும் ஏரிகளில் பாதிப் பரப்பு இப்படியே காணாமல்போகும். அடுத்து, படம் எடுத்த மாதம். டிசம்பர் ஏரியையும் மே மாத ஏரியையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் அறிக்கைகள் இன்னும் வருகின்றன. அது ஏரி சுருங்கியதைக் காட்டாது, கோடை வந்ததைக் காட்டும். மூன்றாவது, உயர்ந்த கட்டடங்களின் நிழல். நிழலும் கறுப்பு, தண்ணீரும் கறுப்பு.

நான்காவது, படப்புள்ளியின் அளவு. ஐரோப்பிய சென்டினல்-2 படம் இலவசம். ஒரு புள்ளி 10 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது 100 சதுர மீட்டர். நம் வருவாய்க் கணக்கில் அது சரியாக ஒரு ஏர், சுமார் இரண்டரை சென்ட். லேண்ட்சாட் படத்தின் புள்ளி 30 மீட்டர். ஒரு புள்ளிக்கு 9 ஏர், 22 சென்ட். ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் மூன்று மீட்டர் அகலக் கால்வாய் இரண்டிலுமே தெரியாது. கால்வாய் தெரியாததால் இல்லை என்று எழுதிவிடுகிறார்கள். பிறகு அங்கே மனைப்பிரிவு வருகிறது.

சரியான ஒப்பீடு வருவாய்த் துறையின் நிலப் பதிவேடான 'அ' பதிவேட்டோடுதான். புல எண்ணைப் போட்டு, வகைப்பாடு ஏரிப் புறம்போக்கா, பரப்பு எத்தனை ஹெக்டேர் எத்தனை ஏர் என்று எடுங்கள். எஃப்.எம்.பி. என்ற புல அளவை வரைபடத்தையும் எடுங்கள். பழைய வரைபடமாக இருந்தால் அளவுகள் லிங்க் என்ற பழைய நில அளவை அலகில் இருக்கும். ஒரு லிங்க் 20.12 சென்டிமீட்டர். அதை அடி என்று நினைத்துப் படித்தால் ஒவ்வொரு நீளமும் ஒன்றரை மடங்காகிவிடும். நில அளவை தெரியாதவர்கள் கணினியில் வரைபடத்தைப் பொருத்தும்போது நேரும் பிழைகளில் இது ஒன்று, கண்டுபிடிப்பதும் சுலபம்: ஏரியின் நான்கு மூலைக் கல்லில் இரண்டையாவது போய் அளந்து பாருங்கள்.

தரைமட்ட வரைபடம் சொல்லும் உயரத்தை நம்பலாமா?

மலைப்பகுதிக்கு நம்பலாம். சென்னைக்கு, இலவசமாகக் கிடைக்கும் 30 மீட்டர் கட்டத் தரவை மட்டும் நம்பி வெள்ள வரைபடம் போடக்கூடாது. நகரின் சராசரி உயரமே கடல்மட்டத்திலிருந்து ஆறேழு மீட்டர்தான். அந்தத் தரவின் பிழை சில மீட்டர். மொட்டைமாடியையும் மர உச்சியையும் தரையாக எடுத்துக்கொள்ளும். பாலத்தை அணையாகப் படித்து, மேல்பக்கம் பொய்யாக ஒரு குளத்தைக் காட்டும். விமானத்திலிருந்து லேசர் கொண்டு எடுத்த தரவோ, தரையில் மட்டக்கருவி வைத்து எடுத்த அளவோ இருந்தால்தான் தெரு அளவிலான முடிவுக்கு அது ஆகும்.

எங்கள் தெருவில் புது வடிகால் கட்டியும் தண்ணீர் நிற்கிறது. கணக்கு எங்கே தப்பியது?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கணக்கை முழுதாகவே போட்டுப் பார்ப்போம்.

வடிகாலுக்கு வரும் நீரைக் கணிக்கச் சிறு பரப்புகளுக்குப் பயன்படும் சூத்திரம் எளிது. வழிந்தோடல் குணகம் (பெய்த மழையில் மண்ணுக்குள் இறங்காமல் ஓடிவரும் பங்கு), மணிக்கு எத்தனை மில்லிமீட்டர் மழை, எத்தனை ஹெக்டேர் பரப்பு இம்மூன்றையும் பெருக்கி 360-ஆல் வகுத்தால் விநாடிக்கு எத்தனை கன மீட்டர் என்று வரும். உங்கள் தெருவுக்கு நீர் வந்துசேரும் பரப்பு 20 ஹெக்டேர், மழை மணிக்கு 60 மில்லிமீட்டர் என்க. தோட்டமும் காலிமனையுமாக இருந்த காலத்தில் குணகம் 0.35. அப்போது வரும் நீர் 1.17 கன மீட்டர். எல்லாம் கான்கிரீட்டும் பேவர் பிளாக்குமாக ஆனபின் குணகம் 0.75. இப்போது 2.5 கன மீட்டர்.

இனி வடிகால். உள்ளகலம் 1.5 மீட்டர், ஆழம் 1.2 மீட்டர், சரிவு 1,500 மீட்டருக்கு ஒரு மீட்டர், கான்கிரீட் சுவர். கால்வாயில் நீர் ஓடும் அளவைக் கணிக்கும் மேனிங் சூத்திரப்படி விநாடிக்கு 1.85 கன மீட்டர் கொண்டுபோகும். பழைய தோட்டக் காலத்துக்குத் தாராளம். இன்றைய தெருவுக்குப் போதாது. அடியில் 30 சென்டிமீட்டர் சேறு படிந்தால் 1.28-ஆகக் குறையும். கால்வாசி ஆழம்தானே போயிற்று என்று நினைப்போம், ஆனால் மூன்றில் ஒரு பங்குக் கொள்ளளவு போய்விட்டது.

ஆகவே வடிவமைப்பு அறிக்கையில் தேடவேண்டியது குணகம். பத்தாண்டுக்கு முந்தைய நிலப்பயன்பாட்டை வைத்துக் குணகம் எடுத்திருந்தால், கட்டி முடித்த அன்றே வடிகால் சிறியது.

குணகம் சரியாக இருந்தும் நிற்கிறதென்றால், களத்தில் நான்கு இடங்களைப் பாருங்கள். துண்டு துண்டாக வெவ்வேறு ஒப்பந்தத்தில் கட்டியதில் இரண்டு துண்டுக்கு நடுவே தரைமட்டம் எதிர்ச்சரிவாக இருக்கும். குடிநீர்க் குழாயோ கேபிளோ வடிகாலுக்குக் குறுக்கே போய்க் குப்பையைத் தடுத்து நிறுத்தும். சாலையிலிருந்து வடிகாலுக்குள் நீர் இறங்கும் வாய், சாலையை மேலே மேலே போட்டதில் மண்ணுக்குள் போயிருக்கும், அல்லது மேட்டில் இருக்கும். கடைசியாக, வடிகால் போய்ச் சேரும் கால்வாயின் நீர்மட்டம். பக்கிங்காம் கால்வாயில் கடல் ஏற்றம் (ஓதத்தால் நீர்மட்டம் உயர்வது) இருக்கும் நேரத்தில் மழையும் பெய்தால், எவ்வளவு பெரிய வடிகாலானாலும் நீர் பின்னோக்கித் தள்ளும். அகலப்படுத்துவதால் இது தீராது. நீரைத் தேக்கிவைக்க மேலே ஏரி வேண்டும்.

'நூறாண்டுக்கு ஒரு மழை' என்றால் இனி நூறாண்டு வராது என்று அர்த்தமா?

இல்லை. ஒவ்வோர் ஆண்டும் வர நூற்றில் ஒரு வாய்ப்பு உண்டு என்பதே பொருள். 30 ஆண்டு வீட்டுக்கடன் கட்டி முடிப்பதற்குள் ஒருமுறையாவது அது வர 26 சதவீத வாய்ப்பு இருக்கிறது. தட்பவெப்பம் மாறிவரும்போது பழைய மழைப்பதிவில் கணக்கிட்ட அந்த நூற்றில் ஒன்றும் நிலையாக இருக்காது.

நகர் முழுவதுக்கும் ஒரே மழை அளவை எடுத்துக்கொள்கிறார்களே, சரியா?

சரியில்லை. 2015 டிசம்பர் 1 காலை தொடங்கிய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47, மீனம்பாக்கத்தில் 35, நுங்கம்பாக்கத்தில் 29. நுங்கம்பாக்கத்தின் நீண்டகாலப் பதிவு கையில் இருக்கிறது என்பதற்காக அதை மட்டும் வைத்துத் தாம்பரத்து வடிகாலை வடிவமைத்தால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை.

2015-க்குப் பிறகு ஆய்வால் உருப்படியாக ஏதாவது கிடைத்ததா?

கிடைத்தது. சென்னைக்கான வெள்ள முன்னெச்சரிக்கை அமைப்பு ஒன்றை ஐ.ஐ.டி. பம்பாய், ஐ.ஐ.டி. மெட்ராஸ், அண்ணா பல்கலை, கடலோர ஆராய்ச்சி மையம், வானிலைத் துறை உள்ளிட்டவை கூடி உருவாக்கின. சி-ஃப்ளோஸ் என்று பெயர். மழை முன்னறிவிப்பு, ஆற்று நீர்வரத்து, ஏரித் திறப்பு, கடல் ஏற்றம் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடுவது. ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிட நேரம் போதாது என்பதால், நூற்றுக்கணக்கான வெள்ளக் காட்சிகளை முன்கூட்டியே ஓட்டிச் சேமித்து வைத்திருக்கிறார்கள். புயல் வரும்போது பொருத்தமானதை எடுக்கலாம். அருமையான வேலை. ஆனால் இது எங்கே நீர் வரும் என்று சொல்லும் கருவி. எங்கே கட்டக்கூடாது என்று சொல்லும் அதிகாரம் அதற்கு இல்லை. அதே வெள்ளப் படலத்தை நிலப்பயன்பாட்டு வரைபடத்தின்மேல் போட்டுப் பார்த்துத்தான் முழுமைத் திட்டம் நிறம் தீட்டவேண்டும். பொதுக் கருத்துக் கேட்பில் கேட்கத்தக்க முதல் கேள்வி இது.

ஆய்வு அறிக்கைக்குச் சட்ட பலம் எப்போதாவது வருமா?

பள்ளிக்கரணையைப் பாருங்கள். ஒருகாலத்தில் ஏறத்தாழ 50 சதுர கிலோமீட்டர் பரந்திருந்த சதுப்புநிலம் அது; 2022-இல் அதில் 1,247.54 ஹெக்டேர், சர்வதேச முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. தென்சென்னையின் தொடர் ஏரிகள் ஒன்று நிரம்பிக் கலங்கல் வழியே அடுத்ததுக்கு வழிந்து, கடைசியில் இங்கே வந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கும் அங்கிருந்து கோவளம் முகத்துவாரத்துக்கும் போகின்றன. எனவே சதுப்பின் வேலியோடு சதுப்பு முடிவதில்லை. 2017-ஆம் ஆண்டு ஈரநில விதிகள் இதற்காகவே 'தாக்கப் பகுதி' ஒன்றையும் வரையறுக்கச் சொல்கின்றன. அது வரையறுக்கப்படும்வரை ராம்சர் எல்லையிலும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள்ளும் கட்டட அனுமதி கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2025 செப்டம்பரில் உத்தரவிட்டது.

வரையறுக்கும் வேலை ஆய்வாளர்களுடையது. நீர் எங்கிருந்து வருகிறது, எந்த மட்டத்தில் தேங்குகிறது, எந்தத் தெருவில் மண் கொட்டினால் எந்தப் பக்கம் நீர் ஏறும் என்று அவர்கள் போடும் கோட்டைப் பொறுத்து ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வீட்டுக்கனவும், அவர்களுக்கு முன்பே அங்கே குடியிருப்பவர்களின் பாதுகாப்பும் இருக்கிறது. கோடு வட்டமாக இருக்காது. ஒரு பக்கம் முந்நூறு மீட்டரில் முடியலாம், வரத்துக்கால்வாய் உள்ள பக்கம் பல கிலோமீட்டர் நீளலாம். ஒரு கிலோமீட்டர் என்பது தற்காலிக அளவு என்பதை இரு தரப்பும் நினைவில் வைக்கவேண்டும்.

எங்கள் ஏரியைத் தூர்வார வேண்டும். எந்தத் துறையிடம் போவது, எவ்வளவு பயன் கிடைக்கும்?

ஆயக்கட்டு, அதாவது ஏரி நீர் பாயும் பாசன நிலம், 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் பெரும்பாலும் நீர்வளத் துறை. அதற்குக் கீழே ஊராட்சி ஒன்றியம். மாநகராட்சிக்குள் வந்துவிட்ட சில ஏரிகள் மாநகராட்சி வசம். ஆயக்கட்டு முழுக்க வீடாகிவிட்ட ஏரிக்குப் பதிவேட்டில் ஆயக்கட்டு இன்னும் இருக்கும், அதை வைத்துத்தான் துறை தீர்மானமாகும்.

பயனைக் கணக்கிடலாம். 40 ஏக்கர் ஏரி என்பது 16.2 ஹெக்டேர். அரை மீட்டர் மண் எடுத்தால் 81,000 கன மீட்டர், அதாவது 8.1 கோடி லிட்டர். 10,000 பேருக்கு ஆளுக்கு 135 லிட்டர் வீதம் 60 நாள் தண்ணீர். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு நின்றன. நிரம்பினால் மொத்தம் 11,257 மில்லியன் கன அடி பிடிக்கும் நான்கு ஏரிகள் அவை. அதோடு ஒப்பிட்டால் நம் சிற்றேரியில் கூடும் 81,000 கன மீட்டர், அதாவது 2.86 மில்லியன் கன அடி, சிறிது. ஆனால் அது உங்கள் ஊர்க் கிணற்றுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

தூர்வாரியும் ஏரி நிரம்பாததற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: வரத்துக்கால்வாயை விட்டுவிட்டு வயிற்றை மட்டும் தோண்டுவது. வேலைக்கு முன் கால்வாயை மேலிருந்து கீழாக நடந்தே அளக்கவேண்டும். எஃப்.எம்.பி. நகல், 50 மீட்டர் டேப், மட்டக்கருவி, அளவுகோல் போதும். 30 மீட்டருக்கு ஒருமுறை அகலம், அடிமட்டம், கரைமட்டம். ஒவ்வொரு சிறுபாலத்திலும் நீர் போகும் கண்ணின் அகலம், உயரம், அடிக்கல்லின் மட்டம். இரண்டு நாளில் மூன்று கிலோமீட்டர் முடியும். எங்கே அடிமட்டம் திடீரென ஏறுகிறதோ அங்கேதான் தண்ணீர் நின்றுபோகிறது. இன்னொன்று, கலங்கலின் மட்டத்தை யாரும் குறைக்கவிடாதீர்கள். ஏரிக்குள் கட்டிய வீடுகள் மூழ்காமலிருக்கக் கலங்கலை இடித்துத் தாழ்த்துவது உண்டு. பத்துச் சென்டிமீட்டர் தாழ்ந்தால் இதே ஏரியில் 1.6 கோடி லிட்டர் போச்சு.

வீடுவீடாகப் பயணக் கணக்கெடுப்பு எடுத்தார்கள். 384 வீடு போதும் என்கிறார்கள், உண்மையா?

நகர் முழுவதுக்கும் ஒரே ஒரு சதவீதத்தைச் சொல்ல, ஐந்து புள்ளி முன்பின் பிழையோடு, 384 போதும். வார்டுவாரியாகப் பேசவேண்டுமானால் ஒவ்வொரு வார்டுக்கும் ஏறத்தாழ அவ்வளவு வேண்டும். 200 வார்டுக்கு 76,800. மாதிரி அளவைவிடப் பெரிய கோளாறு வேறு இரண்டு. பகல் பதினொரு மணிக்குக் கதவைத் தட்டினால் வேலைக்குப் போகிறவர் இருக்கமாட்டார். வீட்டுத் தலைவரை மட்டும் கேட்டால், பெண்கள் ரேஷன் கடைக்கும் பள்ளிக்கும் நடந்து போகும் பயணங்கள் கணக்கில் ஏறாது. பிறகு நடைபாதைக்குத் தேவையே இல்லை என்று தரவு சொல்லும். வினாத்தாளைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு ஆளிடமும் தனித்தனியே கேட்டார்களா, நடைப்பயணத்துக்குக் கட்டம் இருக்கிறதா என்று பாருங்கள்.

வட்டாரத் திட்டம் எதற்கு? ஊர்த்திட்டம் போதாதா?

போதாது. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30-இல் திறந்தது. தாம்பரம்–செங்கல்பட்டு ரயில் பாதை பக்கத்திலேயே ஓடுகிறது; திறந்த அன்று அங்கே ரயில் நிலையம் இல்லை. ஒரு துறையின் கட்டடமும் இன்னொரு துறையின் தண்டவாளமும் ஒரே கால அட்டவணையில் வராவிட்டால், பெட்டியும் குழந்தையுமாகப் பயணி சாலையில் நிற்கிறார். ஆற்றுக்கும் இதே கதைதான். அடையாற்றின் வெள்ளம் மாநகராட்சி எல்லையில் பிறப்பதில்லை.

மூன்றாண்டு ஆய்வுகள் ஏன் அரைகுறையாக முடிகின்றன?

பருவம் தவறுவதால். இங்கே மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில். மூன்றாண்டுத் திட்டத்துக்கு மூன்றே மூன்று வாய்ப்பு. முதல் ஆண்டு ஆள் எடுக்கவும் கருவி வாங்க டெண்டர் விடவும் போகும். மார்ச்சில் நிதியாண்டு முடிந்ததும் 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்றிதழ் தந்தால்தான் அடுத்த தவணை. தணிக்கை முடிந்து பணம் வர டிசம்பர் ஆகிவிட்டால் இரண்டாம் மழையும் போச்சு. எஞ்சிய ஒரே மழை வறட்சி ஆண்டாக அமைந்தால், வெள்ள மாதிரியைச் சரிபார்க்க வெள்ளமே கிடைக்காது.

ஆள் செலவும் தெரிந்திருக்கட்டும். 2023 ஜனவரியிலிருந்து இளநிலை ஆய்வாளருக்கு மாதம் 37,000 ரூபாய், இரண்டாண்டுக்குப் பின் முதுநிலையில் 42,000. ஒருவருக்கு மூன்றாண்டில் 13.92 லட்சம், வீட்டு வாடகைப்படி தனி. தவணை தாமதித்தால் முதலில் சம்பளம் நிற்கும். களத்தைத் தெரிந்த பிள்ளை வேறு வேலைக்குப் போய்விடும். விண்ணப்பிக்கும்போதே திட்டத்தை ஜூனில் தொடங்கும்படி கேட்பதும், மழைமானியையும் நீர்மட்டமானியையும் முதல் தவணையிலேயே வாங்குவதும், மூன்றாம் ஆண்டில் ஆறு மாத நீட்டிப்புக்கு இடம் வைப்பதும் உதவும்.

அறிக்கையும் தரவும் கிடைக்க என்ன செய்யலாம்?

முதலில் இணையத்தில் தேடுங்கள். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறைப் பணத்தில் நடந்த ஆய்வின் கட்டுரைகளைப் பொதுக் களஞ்சியத்தில் வைக்கவேண்டும் என்று 2014-ஆம் ஆண்டுக் கொள்கையே இருக்கிறது. கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிய மனு, 30 நாளில் பதில், இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, பிறகு 90 நாளுக்குள் ஆணையம்.

"ஏன் எங்கள் பகுதியில் வெள்ளம் வருகிறது?" என்று கேட்காதீர்கள், அது தகவல் அல்ல, விளக்கம் என்று திருப்பிவிடுவார்கள். ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: ஒப்பந்தத்தின் பணி வரம்பு, தொடக்க அறிக்கை, இறுதி அறிக்கை, மழைத்தரவு அட்டவணை, மாதிரியின் உள்ளீட்டுக் கோப்பு. சட்டத்தின் 2(எஃப்) பிரிவு 'தகவல்' என்பதற்குள் ஒப்பந்தம், அறிக்கை, மாதிரி, மின்னணுத் தரவு எல்லாவற்றையும் எழுதியே வைத்திருக்கிறது. அந்தப் பிரிவை மனுவிலேயே குறிப்பிடுங்கள். காகிதமாக வந்தால் பக்கத்துக்கு இரண்டு ரூபாய். எண் அட்டவணைகளைக் கணினிக் கோப்பாகவே கேட்பது நல்லது.

வரைவுத் திட்டம் வெளியானால் ஆட்சேபத்தை எப்படி எழுதுவது?

1971-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 26-ஆம் பிரிவின்படி அறிவிப்பு வந்த நாளிலிருந்து குறைந்தது இரண்டு மாதம் அவகாசம் உண்டு. அதற்குள் தரவு திரட்ட முடியாது, ஆகவே இப்போதே தொடங்குங்கள். வெள்ளம் நின்ற சுவரில் கறை இருக்கும்போதே சாலையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து, டேப்பும் சுவரும் ஒன்றாகத் தெரியும்படி படம் எடுத்து, தேதியும் கதவிலக்கமும் எழுதிவையுங்கள். ஒரு தெருவுக்கு ஐந்து கறை போதும். இரண்டு மழைக்காலத்துக்கு இப்படிச் சேர்த்தால், எந்த நிறுவனத்திடமும் இல்லாத தரவு உங்களிடம் இருக்கும்.

ஒரு மனுவில் ஒரு இடம் மட்டும். புல எண், வரைவு வரைபடத்தின் தாள் எண், அங்கே தீட்டியுள்ள நிறம், உங்கள் கேள்வி, இணைத்துள்ள ஆதாரம், நீங்கள் கேட்கும் மாற்றம்: இந்த வரிசையில் ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். "எங்கள் ஏரியைக் காப்பாற்றுங்கள்" என்பதை எளிதாகக் கோப்பில் வைத்து மூடிவிட முடியும். "புல எண் இன்னது 'அ' பதிவேட்டில் வாய்க்கால் புறம்போக்கு, 18 ஏர்; வரைவில் குடியிருப்பு என்று நிறமிடப்பட்டுள்ளது; நீர்நிலை என்று மாற்றவும்" என்பதற்கு ஏற்கிறோம் அல்லது மறுக்கிறோம் என்று யாராவது கையெழுத்திட்டுப் பதில் எழுதியாக வேண்டும். இரண்டு பிரதி கொண்டுபோங்கள். ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.